புரட்டாசிக்கு முன் ஒரு குறவை

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பஸ் ஐந்து நிமிஷம் தாமதித்தால் நடந்தே போய்விடலாம் என்று கிளம்பி, பாதி வழியில் அதே பஸ் என்மேல் புழுதியை இறைத்துக்கொண்டு தாண்டிப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இருபத்தேழாவது வயதில் தூண்டிலைக் கையில் எடுத்தேன். ஆசைப்பட்டு எடுக்கவில்லை. என் அப்பா சாப்பிட மறுத்துவிட்டார், அந்தப் பயத்தில் எடுத்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடும் விவசாயி. நான் சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற இழுபறி ஒருவழியாகத் தீர்ந்து, இங்கிருந்து அங்கே போகும் ஊர்கள், அங்கிருந்து இங்கே வரும் ஊர்கள் என்று பட்டியல் பட்டியலாகக் காகிதம் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். எங்கள் ஊர் மெட்ராஸிலிருந்து ஆந்திராவுக்கு வரும் பட்டியலில் இருந்தது. அதன் பெயரை நானே தெலுங்கில் மூன்று பிரதி எழுதினேன். நைனாவிடம் சொன்னபோது, "நெலம் அங்கியேதான கெடக்கும்? அது இன்னா நடந்தா வரப்போவுது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த ஆடிக் கடைசியில் எங்களைப் பார்க்க வந்தவருக்கு, வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். புதிதாக வந்திருந்த மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை இறக்கி, "இனிமே பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகச் சாப்பாடு கொடுங்கள்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. நைனா கஞ்சியை இரண்டு ஸ்பூன் குடிப்பார், உதட்டை இறுக்கிக்கொள்வார். பால் என்றால் தலையைத் திருப்புவார். ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தால் வாயிலேயே வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் துப்புவார். ஏரில் இரண்டு மாட்டைப் பிடித்து நிறுத்துகிற கை, தண்ணீர் டம்ளரைத் தூக்க நடுங்கியது. நாளெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏதாவது கேட்டால் "போதும்டா" என்பார். எது போதும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "காய்ச்சல் விட்டுவிட்டது. இப்படியே பட்டினி கிடந்தால்தான் ஆபத்து. வயதான உடம்பு, தாங்காது. அவருக்குப் பிடித்ததாக எதையாவது கொடுத்து வாயைத் திறக்க வையுங்கள்" என்றார்.

பிடித்தது எது என்பதை என் மனைவிதான் கேட்டு வாங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எது குடுத்தா துன்னுவீங்க மாமா? எதுன்னாலும் சொல்லுங்க, செஞ்சி குடுக்கறேன்" என்று விடாமல் நச்சரித்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கொரவ மீனு. ஏரிப் பாறையில கெடக்கும் பாரு, அது."

எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குறவை மீன் குழம்போடு சோறு போடுவதுதான் பத்தியம். வயிற்றுக்கு லேசு, உடம்பில் ரத்தம் ஊறும் என்பார்கள். கடல் மீன் ஆகாது. சித்தூர் மார்க்கெட்டில் அன்றைக்கெல்லாம் மெட்ராஸிலிருந்து ஐஸ் போட்டு வரும் கடல் மீனும், சேற்று வாடை அடிக்கும் கெண்டையும்தான் இருந்தன. மீன்காரம்மாவிடம் கேட்டேன். ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில்தான் குறவை கூடையில் வரும், இப்போது அது பாறை இடுக்கில் போய்ப் பதுங்கியிருக்கும், வலைக்குச் சிக்காது, தூண்டில் போட்டால்தான் உண்டு என்றாள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. நைனா திருப்பதிப் பெருமாளை வேண்டிக்கொண்டு விரதம் இருக்கிறவர். புரட்டாசி பிறந்துவிட்டால் மாதம் முழுக்க மீன், கறி, முட்டை எதையும் தொடமாட்டார். மீன் சட்டியைக்கூட வீட்டுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிடச் சொல்வார். மருந்துக்கென்று கெஞ்சினாலும் நடக்காது. மாதம் பிறப்பதற்குள் குறவை கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் அவர் அந்த இரண்டு ஸ்பூன் கஞ்சியில் ஓட்டவேண்டும். ஓட்டமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புரட்டாசிக்கு எத்தனை நாள் இருக்கிறது? எங்கள் வீட்டில் வேலூர் ஜவுளிக்கடை ஒன்று கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. நைனா காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து அதை யாரும் கிழிக்கவில்லை. அது ஆடியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆபீஸில் முன்பெல்லாம் தமிழ்க் காலண்டர் மாட்டியிருப்பார்கள், ஆந்திரா வந்த பிறகு அந்த ஆணியில் தெலுங்குக் காலண்டர் ஏறிவிட்டது. பக்கத்து மேஜை டைப்பிஸ்டைக் கேட்டேன். திருப்பதிக்காரர், தெலுங்கர், என் வயதுதான், எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாதவர்.

"புரட்டாசியா? நவராத்திரி வருமே, அந்த மாசம்தானே? மா தசரா நெல, எங்க தசரா மாசம்" என்றார். காலண்டரில் விரலை வைத்து, "இதோ அமாவாசை. அமாவாசைக்கு மறுநாள் பிறக்குது. இன்னும் மூணு வாரம் இருக்குது குரூ, நிதானமா மீன் பிடி" என்று தைரியம் சொன்னார்.

தெலுங்கு மாதம் அமாவாசையைக் கணக்கு வைத்துப் பிறக்கும், தமிழ் மாதம் சூரியனைக் கணக்கு வைத்துப் பிறக்கும். எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற ஆளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. ஐந்தாறு வருஷம் தெலுங்குக் காகிதத்தில் குனிந்து எழுதிய எனக்கு அந்தச் சமயம் அது உறைக்கவே இல்லை. நவராத்திரி புரட்டாசியில்தான் வருகிறது, ஆகவே அவர் சொல்வது சரி என்று தலையாட்டினேன். மூன்று வாரம் கையில் இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மீன் பிடிப்பதிலும் அந்த டைப்பிஸ்ட் நிபுணராம். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் என்னைத் திருப்பதிக்கே அழைத்துப் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கயிறும் மாட்டு மணியும் வலையும் விற்கிற கடையில் நிறுத்தினார். கடைக்காரர் விஷயம் தெரிந்த மனிதர். "என்ன மீன்? என்ன தண்ணி? மணலா, பாறையா?" என்று வரிசையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டைப்பிஸ்ட் முந்திக்கொண்டு, "பெரிய மீன்! நல்லதா எடுத்துப் போடுங்க" என்று முடித்துவிட்டார்.

கடைக்காரர் ஒரு தோள் குலுக்கலோடு நல்லதாகவே எடுத்துப் போட்டார். இரண்டு ஆள் உயர மூங்கில் கழி. மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் நைலான் நரம்பு. என் சுண்டு விரலை வளைத்தது போன்ற முள், பெரிதும் சிறிதுமாக ஒரு டஜன். சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த தக்கை. நாலு ஈயக் குண்டு. இரைக்குக் கோதுமை மாவைப் பிசைந்து, பெருங்காயம் கலந்து உருட்டிக்கொள்ள வேண்டும் என்று டைப்பிஸ்ட் ரகசியம் போலக் காதில் சொன்னார். நான் கேள்வியே கேட்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் கடைக்குப் போனால் விலை அதிகமானதுதான் சரியானது என்று நினைத்துக்கொள்வான், நானும் அப்படித்தான்.

திரும்பி வந்த பஸ் முழுக்க மலையிலிருந்து இறங்கிய யாத்ரீகர்கள். எல்லாத் தலையும் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டக் கண்டக்டர் விடவில்லை. உள்ளே வைத்தால் பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் நுனி யாராவது ஒரு மொட்டையில் போய்த் தட்டியது. திட்டியவர்களில் ஒருவர், "கோவிந்தனைச் சேவிச்சிட்டு வர்ற பஸ்ஸில மீன் பிடிக்கிற கழியா?" என்று கேட்டார். சித்தூர் வருகிறவரை கழியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேலூர் பஸ் பிடித்துக் குடிபாலாவுக்கு முன்பே இறங்கி, பெரிய பெரிய பாறைகள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற ஏரிக்குப் போனேன். பாறை இடுக்கு என்றால் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அதற்குள் நான் இரண்டு ஆள் உயரக் கழியை வைத்துக்கொண்டு நூலை இறக்கப் பார்த்தேன். தக்கை போய்ப் பாறையில் உட்கார்ந்துகொண்டது. ஈயக் குண்டு ஒரு பிளவில் இறங்கி, வெளியே வரமாட்டேன் என்றது. நைலான் நரம்பு பாறை விளிம்பில் உரசி இரண்டு முறை அறுந்தது. மாவு உருண்டையைப் பொடி மீன்கள் பத்து பத்தாக வந்து கொத்தித் தின்றுவிட்டுப் போயின. நான் ஏரியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். பெருங்காய மணத்தோடு வெறுங்கையாக வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கழியைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மீதியிருந்த மாவை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், நைனா எழுந்துவிடப் போகிறாரே என்று நான்தான் அடக்கவேண்டியிருந்தது.

"இன்னாங்க இது? கொரவைக்கு ஆப்பம் சுட்டுக்கினு போயிருக்கீங்க? அது மாவு துன்றதுக்குக் கெண்டையா? கொரவ உசுரோட நெளியறதத்தான் துன்னும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஏரி எங்க ஊரு ஏரிதான? வயசுக்கு வர்ற வரிக்கும் அந்தப் பாறையிலதான் கெடந்தேன்."

கல்யாணமாகி நாலு வருஷம். அவளுக்குப் பூ வைக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், தெலுங்கு அரைகுறையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மீன் பிடிக்கத் தெரியும் என்பது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லியே. சனிக்கெழம துரை மாதிரித் திருப்பதிக்குக் கெளம்பிட்டீங்க. பொட்டப்புள்ள தூண்டி போட்டான்னு உங்க வூட்ல தெரிஞ்சா இன்னா நெனப்பாங்களோன்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேன்" என்றாள். கோபப்பட எனக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

மத்தியானமே வேலையில் இறங்கினாள். என் அருமையான கழியின் நுனியில் ஒரு கஜம் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். மீதியைத் துணி காயப்போட வைத்துக்கொண்டாள். பாறை இடுக்கில் நேராகக் கீழே இறக்கத்தான் தூண்டிலே தவிர, வீசுவதற்கு அல்லவாம். நைலானை ஒதுக்கிவிட்டு, தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடமிருந்து மெழுகு தடவிய முறுக்கு நூல் வாங்கிவரச் சொன்னாள். பாறையில் உரசினாலும் அது அறாது. தக்கை வேண்டாம், ஈயமும் வேண்டாம். இடுக்கில் தக்கையைக் கண்ணால் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, நூலை விரலில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்தாள். வழுக்கிப் போனதை ஒதுக்கினாள், நகத்தில் பிடித்துக்கொண்டதை வைத்துக்கொண்டாள். கூர் பார்ப்பதற்கு அதுதான் வழி. கடைசியில் இருந்ததிலேயே சின்னதாக ஐந்து முள் தேறியது.

இரைக்குக் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாழையடியைக் கொத்தினாள். மண்புழுக்களை ஈர மண்ணோடு கொட்டாங்கச்சியில் எடுத்தாள். நான் சுத்தமாகக் கழுவித் தருகிறேன் என்றேன். "கழுவினா வாசன பூடும். உங்களுக்கா பரிமாறப் போறோம்?" என்றாள். முள் கண்ணுக்குத் தெரியாதபடி புழுவை ஏற்றி, வால் மட்டும் நெளியும்படி விடவேண்டும் என்று செய்து காட்டினாள். நான் ஏற்றிய புழு நழுவி விழுந்ததைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். இந்த முறை மீன் கடித்தது. நூலில் டொக்கென்று ஒன்று பட்டதும் என் கை தானாக வெட்டி இழுத்துவிட்டது. வெறும் முள்தான் வந்தது, புழுவைக் காணோம். மறுபடி போட்டேன், மறுபடி டொக், மறுபடி இழுத்தேன். ஆத்திரத்தில் இழுத்த இழுப்பில் மூன்று முள் பாறைக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டன. ஆபீஸுக்குத் தாமதம். பெரிய குமாஸ்தா எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "ஏரி எந்த ராஜ்யத்துக்குப் போகும்னு பார்த்துட்டு வந்தீரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின ராத்திரி நைனா ஒரு ஸ்பூன் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. இரண்டு வாரம் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன், ஆனால் அந்த உடம்பு இரண்டு வாரம் காத்திருக்குமா என்று தெரியவில்லை.

சாயந்திரம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கொரவ மொதல்ல சும்மா வாய வெச்சிப் பாக்கும். அப்பால கவ்விக்கினு உள்ளார இழுத்துக்கினு போவும். அப்பதான் தூக்கணும். டொக்குன்னா பத்து எண்ணுங்க."

"பத்தா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பத்து எண்ணமாட்டீங்க. மூணுக்கே இழுத்துடுவீங்க. நாளைக்கி நானும் வர்றேன்" என்றாள்.

புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா நைனாவுக்குத் துணை இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஏரிக்குப் போனதும் என் மனைவி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, வழுக்குப் பாறையில் நான் தவழ்கிற இடத்தில் நடந்தாள். ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்த்து, ஓரிடத்தில் குப்புறப் படுத்துவிட்டாள். முழங்கையைப் பாறைக்குள் விட்டு, நூலைச் சுட்டுவிரலில் தாங்கிக்கொண்டாள். நான் பேச வாயெடுத்தேன், கண்ணாலேயே அடக்கினாள். அவள் உதடு மெல்ல எண்ணுவது தெரிந்தது. எட்டோ ஒன்பதோ, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள். கரும்பச்சையாக, முழங்கை நீளத்துக்கு ஒன்று பாறையில் வந்து விழுந்து துள்ளியது. நான் அதன்மேல் அப்படியே விழுந்து பிடித்தேன்.

அவள் மூன்று பிடித்தாள். அப்புறம் தூண்டிலை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்க" என்றாள். இறக்கினேன். விரலில் டொக். ஒன்று, இரண்டு. என் வாழ்க்கையில் நாலு என்கிற எண் அவ்வளவு நீளமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆறில் நூல் மெதுவாக உள்ளே நகர்ந்தது. ஏழு, எட்டு. அவள் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். பத்தில் சுண்டினேன். மறுமுனையில் உயிர் ஒன்று கனத்து இழுத்தது. அந்தக் கனம் கை வழியாக ஏறி நெஞ்சுக்குள் போனது. சின்ன மீன்தான், ஒரு சாண் இருக்கும். ஆனால் நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாலையும் தண்ணீர்ப் பானையில் உயிரோடு கொண்டுவந்தோம். பத்து மணிக்கெல்லாம் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து வழவழப்பைப் போக்கி, புளியைக் குறைத்து, மிளகும் பூண்டும் சீரகமும் அரைத்து ஊற்றிக் குழம்பு கூட்டிவிட்டாள். கொதிக்கிற வாசனை கட்டில்வரை போனது. நைனா சுவர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த நேரத்தில் வாசலில் சங்கு ஊதியது.

"வேங்கடரமணா, கோவிந்தா, கோவிந்தா!"

நெற்றி முழுக்க நாமம், கழுத்தில் துளசி மாலை, கையில் செம்பு. புரட்டாசி பிறந்தால் வீடு வீடாக வந்து அரிசி வாங்கிக்கொண்டு திருப்பதிக்கு நடக்கிற தாசர். வாசலுக்கு ஓடி, குரலைத் தாழ்த்தி, "என்ன தாசரே, அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அமாவாசைக்கும் புரட்டாசிக்கும் இன்னா சாமி இருக்குது? நீ தமிழாளுதான? இன்னிக்கித்தான் மாசம் பொறக்குது."

தாழ்ந்த குரலில் பேசத் தெரியாதவர். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். நைனாவின் கண் மூடியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தெலுங்குக் காலண்டரையும், டைப்பிஸ்டையும், எல்லாரையும்விட அதிகமாக என்னையும் மனதுக்குள் வைதேன். ஒரு வாரத்துக்கு முன்பு என் மனைவியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்த மீன் ஞாயிற்றுக்கிழமையே சட்டிக்கு வந்திருக்கும்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் வரப்புத் தகராறில் அவர் பேசுகிற தோரணை அதில் இருந்தது.

"தாசரே, மாசம் எத்தினி மணிக்குப் பொறக்குது?"

தாசர் வாசலிலிருந்தே பதில் சொன்னார். "சாயந்திரம் நாலு மணிக்கு மேல பெரியவரே."

"இப்ப மணி இன்னா?"

"பத்தரைடா... பத்தரை நைனா" என்று உளறினேன்.

"அப்ப இது இன்னா மாசம்?"

தாசர் கொஞ்சம் தயங்கினார். "சாயந்திரம் பொறந்தாலும் அந்த நாளு பூரா ஒண்ணாந்தேதின்னுதான் சொல்லுவாங்க..."

"கொயந்த சாயந்திரம் பொறந்தா காலையிலியே தூக்கி வெச்சிக் கொஞ்சுவியா? பொறக்காத மாசத்துக்கு இன்னா விரதம்? இப்ப ஆவணிதான? சொல்லு."

முப்பது நாளில் நைனா சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நாங்கள் கேட்கவில்லை. கையை ஊன்றி எழுந்திருக்கவும் பார்த்தார். நான் ஓடிப் போய்த் தாங்கினேன். சாவதற்குத் தயாராகப் படுத்துக்கொண்டவர் என்று நான் பயந்துகொண்டிருந்த மனிதர், ஒரு தட்டு மீனுக்காகப் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

தாசர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடக்கிற எலும்புக்கூட்டைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஆவணிதான் பெரியவரே. சந்தேகமே இல்ல. நாலு மணி வரிக்கும் ஆவணிதான். நல்லாத் துன்னுங்க" என்றார். என் மனைவி அரிசி கொண்டுவந்தபோது மட்டும் இரண்டடி பின்னால் போய், "மீனு கழுவின கைம்மா அது. நாளைக்கிக் குளிச்சிட்டுப் போடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் போய்ச் சங்கை ஊதினார்.

வெந்நீரில் துணியை நனைத்து நைனாவுக்கு உடம்பைத் துடைத்துவிட்டேன். தலைக்கு ஊற்றுவது அப்புறம் ஆகட்டும் என்றார். குழைந்த சோற்றில் குழம்பை ஊற்றி, முள்ளில்லாமல் மீனைக் கிள்ளி வைத்து, என் மனைவி தட்டை நீட்டினாள். ஊட்டப் போனவளின் கையை விலக்கிவிட்டுத் தானே பிசைந்தார். முதல் கவளம் உள்ளே போனது. நாங்கள் இரண்டு பேரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முழுங்கினார். இரண்டாவது கவளம், மூன்றாவது. பாதித் தட்டில் நிமிர்ந்து, "இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க? கொழம்ப ஊத்து" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குழம்பு ஊற்றிய கையை நைனா கவனித்தார். முழங்கையிலும் உள்ளங்கையிலும் பாறை சிராய்த்த காயம் புதிதாகச் சிவந்திருந்தது.

"இத யாரும்மா புடிச்சது?"

"அவருதான் மாமா" என்றாள் அவள், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

நைனா என்னைப் பார்த்தார். என் கை எழுதுகிற கை, ஒரு கீறல் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கையை அலம்பிக்கொண்டு, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ஐப்பசி ஒண்ணாந்தேதி என்ன கெழமன்னு பாத்து வெச்சிக்கம்மா. அன்னிக்கி விடியறதுக்குள்ள நீயே போயி, இதே மாரி நாலு புடிச்சாந்துடு. இவன இட்டுக்கினு போவாத. நான் வர்றேன் தொணைக்கி."